சிப்பிக்கு இருந்த கணக்கு

மன்னார் வளைகுடாவின் அடித்தளத்தைப்போல அரசாங்கங்களால் இத்தனை காலம், இத்தனை கவலையோடு சோதித்துப் பார்க்கப்பட்ட கடல்தளம் பூமியில் அதிகம் இருக்க முடியாது. கொற்கையில் துறை வைத்து முத்தெடுத்த பாண்டியருக்குப் பிறகு போர்ச்சுக்கீசியரும், 1658-இல் அவர்களிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரரும், அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயரும், சுதந்திரத்துக்குப் பின் சென்னை ராஜ்யத்து மீன்துறையாரும், மதத்திலும் பாஷையிலும் ராஜநீதியிலும் ஒருவரை ஒருவர் ஒத்திராதவர்களாயிருந்தும், முத்து விஷயத்தில் மாத்திரம் ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள். சலாபம் என்னும் முத்துக்குளிப்பைக் கூறுவதற்கு முன்னால், சிப்பி படியும் பார்களைப் பார்வையிட ஆள் அனுப்பினார்கள். கரையிலிருந்து பல மைல் தூரத்தில், ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்தில் கிடக்கும் தோலாயிரம் பார் போன்ற திட்டுகளின்மேல் படகை நிறுத்தி, குளிப்பவனை இறக்கி, ஒரு முழுக்குக்கு எத்தனை சிப்பி கைக்கு வருகிறது, அவற்றின் வயது என்ன, குஞ்சுச் சிப்பி படிந்திருக்கிறதா, மணல் மூடியிருக்கிறதா, சிப்பி தின்னும் மீன் மேய்ந்திருக்கிறதா என்றெல்லாம் பதிவு செய்து, பிறகு சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தை அனுபவமுள்ள வியாபாரிகள் மதிப்பிட்ட பின்னரே, இன்ன தேதியில் இத்தனை படகுகளுடன் சலாபம் நடக்கும் என்று அறிவிப்பு வெளிவரும்.

மதிப்புக் குறைவாயிருந்தால் அறிவிப்பு வராது. 1928-க்குப் பிறகு 1955 வரை, ஒரு தலைமுறைக் காலம், தூத்துக்குடியில் சலாபம் நடக்கவில்லை. சலாபம் நடந்த வருஷத்துக் கணக்கைவிட, நடக்காத வருஷங்களில் வெறும் பாரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதிய கணக்கே என் மதிப்பில் பெரியது. ஏனெனில் ஒன்றும் அகப்படாது என்று தெரிந்தும் போய்ப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று எழுதி வைக்கிற பொறுமையைத்தான் விஞ்ஞானம் என்கிறோம். அந்தப் பொறுமைக்குக் காரணம் கடலின்மேல் இருந்த பக்தியோ சிப்பியின்மேல் இருந்த கருணையோ அன்று. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்குச் சேர்ந்ததுதான் காரணம். இருந்தாலும் நோக்கம் லாபமாயிருந்ததனால் பலன் அற்பமாகிவிடவில்லை. 1902-இல் இலங்கைப் பக்கத்துப் பார்கள் வறண்டதன் காரணத்தைக் கண்டறிய வந்த ஹெர்ட்மன் என்ற பிராணிசாஸ்திர நிபுணரும், அவருடன் வந்து பிற்பாடு சென்னை மீன்துறையில் பெரும்பதவி வகித்த ஜேம்ஸ் ஹார்னெலும், சிப்பியைத் தேடிய வலையில் சிக்கிய பஞ்சு ஜீவிகள், புழுக்கள், பவளங்கள், நண்டுகள் அனைத்தையும் வகைப்படுத்தியதன் விளைவாக, 1903-க்கும் 1906-க்கும் இடையில் ராயல் சொஸைட்டியார் வெளியிட்ட ஐந்து பாகங்கள் இன்றைக்கும் இந்தக் கடலைப் படிக்கிறவர்கள் புரட்டவேண்டிய நூல்களாக இருக்கின்றன. முத்தைத் தேடிப் போனவர்களுக்குக் கடலே கிடைத்தது.

1955-இல் தொடங்கி 1961-இல் முடிந்ததுதான் கடைசித் தொடர் சலாபம். அதன்பிறகு வருமானம் நின்றது. வருமானம் நின்றபின் பார்வையிடுகிற வழக்கத்துக்கும் முன்பிருந்த அந்தஸ்து போயிற்று. 1973-இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் டாக்டர் அழகர்சாமியும் அவருடைய சகாக்களும் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டியது பெரிய சாதனையே. ஆனால் அது கூண்டுக்குள் தொங்கும் சிப்பியின் விஷயம், கடலடியின் விஷயம் அன்று.

இவ்வளவையும் சொல்வது முத்தின் பழம்பெருமையைப் பாடுவதற்காக அல்ல. அதே நீரில், அந்தச் சலாபக்காரர்களின் படகுக்குக் கீழேயே, ஒரு பெரிய பிராணி யுகயுகமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது என்பதையும், அதை எண்ணிப் பார்க்கவேண்டும் என்று அந்த அரசாங்கங்களில் ஒன்றுக்கும் தோன்றவில்லை என்பதையும் எடுத்துச் சொல்வதற்காகவே இந்தப் பீடிகை.

ஆவுளியா என்று மீனவர்களும் கடல்பசு என்று பாடப்புத்தகங்களும் சொல்லும் அந்த ஜந்து, மூன்று மீட்டர் நீளமும் நானூறு கிலோ எடையும் வளரக்கூடியது. திமிங்கிலத்தைப்போல் கடலிலேயே பிறந்து கடலிலேயே மடிவது. ஆனால் மாமிசம் தின்னாமல், கடலடியில் வளரும் புல்லை வேரோடு பிடுங்கித் தின்று ஜீவிப்பது. நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோ புல் அதற்கு வேண்டும். சில நிமிஷங்களுக்கொரு முறை மூச்சுவிட மேலே வரவேண்டும். வந்தால் நாசித் துவாரமும் முதுகின் ஒரு பகுதியும் இரண்டொரு விநாடி தெரியும், அவ்வளவுதான். எழுபது வருஷம்வரை உயிர்வாழக் கூடியதாயினும், அது சந்ததி விருத்தி செய்கிற வேகம் மிகமிக மந்தம்: பருவமடையவே ஆறு முதல் பதினேழு வருஷம் ஆகும், பதின்மூன்று, பதினான்கு மாதம் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனும், அடுத்த கன்றுக்கு மூன்று வருஷமும் ஆகலாம், ஏழு வருஷமும் ஆகலாம்.

இப்பிராணியைப்பற்றி நம்மவர் ஒன்றுமே ஆராயவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 1947-இல் ஏற்பட்டு, பின்னர் மண்டபத்தில் இயங்கிய மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில், எஸ். ஜோன்ஸ் அவர்களின் மேற்பார்வையில் ஒரு ஜோடி ஆவுளியாக்கள் 1959 முதற்கொண்டு சுமார் பத்தாண்டுக் காலம் தொட்டியில் வளர்க்கப்பட்டன. அவை எந்தப் புல்லை விரும்பின, எப்படி மென்றன, எத்தனை நேரம் முழுகிக் கிடந்தன என்பவற்றை அங்கிருந்தவர்கள் குறித்து வைத்தார்கள். 1975-இல் அந்நிலையம் ஆவுளியாவுக்கென்றே தனி வெளியீடு ஒன்று கொண்டுவந்தது. 1985-இல் சைலஸ் என்பவரும் பெர்னாண்டோ என்பவரும் எழுதிய கட்டுரையின் தலைப்பே, இந்தியாவின் ஆவுளியா டோடோப் பறவை போன வழியே போகிறதா என்று கேட்டது. கேள்வி சரியான சமயத்தில் எழுந்தது. ஆனால் அக்காலத்து ஆராய்ச்சியாளர்களுக்குக் கிடைத்த புள்ளிவிவரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வருத்தமே மிஞ்சும்: பெரும்பகுதி கரையில் அறுத்து விற்கப்பட்ட உடல்களிலிருந்து வந்தது. சிப்பியை உயிரோடு எண்ணினோம். ஆவுளியாவைக் கூறு போடும்போது எண்ணினோம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில் புலியோடு சேர்த்து வைத்தது. சட்டத்தின் கை கடலுக்குள் நீள வெகுகாலம் பிடித்தது.

இந்த இடத்தில் வாசகர்களைத் தூரதேசம் ஒன்றுக்கு அழைத்துப்போக விரும்புகிறேன். கனடாவின் வடபகுதியில், கிழக்குக் கடலோரத்திலிருந்து மேற்கு மலைகள்வரை பரந்து கிடக்கும் ஊசியிலைக் காடுகளில், காரிபூ என்ற மான் வாழ்கிறது. ஐரோப்பாவில் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் மானின் காட்டு உறவு அது. மான்குலத்தில் பெண்ணுக்கும் கொம்பு முளைக்கும் ஜாதி அது ஒன்றுதான். குளிர்காலத்தில், பனிக்கு அடியிலும் கிழமரங்களின் கிளையிலும் மெல்ல மெல்லப் படரும் லைக்கன் என்ற பாசியே அதற்குப் பிரதான ஆகாரம். வருஷத்துக்கு ஒரே கன்று. கூட்டம் கூடாமல் பெருங்காட்டில் சிதறி, பிற மான்களும் ஓநாய்களும் அதிகம் வராத வளங்குன்றிய மூலைகளில் ஒதுங்கி வாழ்வதே அதன் தற்காப்பு. புல் தின்னும் நம் ஆவுளியாவும் பாசி தின்னும் அந்தக் காரிபூவும் ஒரே நியதிக்குக் கட்டுப்பட்ட ஜீவன்கள் என்பது யோசித்தால் விளங்கும்: இரண்டுக்கும் மேய்ச்சல் நிலம் மெதுவாக வளர்வது, கன்று மெதுவாக வருவது, மனிதன் தேடுகிற செல்வம் அந்த மேய்ச்சல் நிலத்திலேயே கிடப்பது.

காரிபூவை ஆராய்ந்தவர்கள் முதலில் மானைத்தான் எண்ணினார்கள். ஹெலிகாப்டரில் பறந்தும், கழுத்தில் வானொலிப் பட்டை கட்டியும், பனியில் கிடந்த சாணத்தை எடுத்து மரபணு பார்த்தும் எண்ணினார்கள். எண்ணிக்கை குறைவதைத் திட்டவட்டமாகக் கண்டார்கள். திறந்த துந்திர வெளியில் திரியும் பாதர்ஸ்ட் மந்தை 1986-இல் சுமார் 4,70,000 இருந்தது, 2018-இல் 8,200-ஆகச் சுருங்கியது என்பது அவ்விதம் கிடைத்த கணக்கு. காட்டுக் காரிபூ ஏன் குறைகிறது என்பது மானை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவரை விளங்கவில்லை. காட்டைப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. மரவியாபாரி கிழமரத்தை வெட்டுகிறான். வெட்டிய இடத்தில் இளந்தளிரும் புதரும் தழைக்கின்றன. அதைத் தின்ன மூஸ் முதலிய பிற மான்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்ன ஓநாய் பெருகுகிறது. எண்ணெய் தேடும் கம்பெனிகள் காட்டுக்குள் நூல் பிடித்ததுபோல் வெட்டிவைத்த நேர்பாதைகளில் ஓநாய் சிரமமின்றி ஓடிவந்து, தனக்கு முக்கிய இரையாகவே இல்லாத காரிபூவைப் போகிறபோக்கில் கொன்றுவிடுகிறது. கோடரி வெட்டியது மரத்தை. செத்தது, பல கை மாறி, மான். இந்தச் சங்கிலியைக் கண்டறிந்தபின், 2012-இல் கனடா மத்திய அரசு வெளியிட்ட மீட்புத் திட்டத்தில் ஓர் எல்லைக்கோடு எழுதப்பட்டது: காரிபூ வாழும் ஒவ்வொரு பிரதேசத்திலும் குறைந்தது 65 சதவீதக் காடு குலையாமல் இருக்கவேண்டும், இருந்தால் அந்த மந்தை தன்னைத்தானே தாங்கிக்கொள்வதற்கு 60 சதவீத வாய்ப்பு உண்டு. மனிதன் வெட்டிய இடத்தை மட்டும் கணக்கில் சேர்த்தால் போதாது, அதைச் சுற்றி 500 மீட்டர் தூரத்தையும் குலைந்த நிலமாகவே கொள்ளவேண்டும் என்றும் அந்தக் கணக்கு சொல்கிறது.

கனடாக்காரர்கள் அந்தக் கோட்டுக்குக் கட்டுப்பட்டார்களா என்றால், பல இடங்களில் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தார் 2015 முதல் ஹெலிகாப்டரிலிருந்து ஓநாய்களைச் சுடுவதற்கு ஒப்பினார்கள். மரவெட்டை நிறுத்துவதற்கு அவ்வளவு எளிதில் ஒப்பவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் எல்லையோரத்தில் எஞ்சியிருந்த கடைசி மந்தையின் கடைசி மான் 2019 ஜனவரியில் பிடித்து அப்புறப்படுத்தப்பட்டது. ஆனால் நம்மிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் இருக்கிறது: எவ்வளவு தூரம் கோட்டைத் தாண்டிவிட்டார்கள் என்று வருஷந்தோறும் சொல்லக்கூடிய அளவுகோல். கோடு இருந்தால்தான் மீறினவனை நோக்கி மீறினாய் என்று சொல்ல முடியும்.

மன்னார் வளைகுடாவுக்கு அந்தக் கோடு எது? தமிழகக் கடலில் எஞ்சியிருக்கும் ஆவுளியாக்கள் சுமார் 240 என்று சொல்லப்படுகிறது. அந்த எண்ணை நான் நிந்திக்கவில்லை. ஆயினும் கலங்கல் நீரில், தனித்தும் இரண்டொன்றாகவும் திரிந்து, விநாடிக்கணக்கில் தலைகாட்டும் பிராணியை, அதுவும் சில நூறே மிஞ்சிய நிலையில், தலையெண்ணி முடிப்பது எத்தனை துர்லபமான காரியம் என்பதை உணரவேண்டும். ஆஸ்திரேலியாவில் ஹெலன் மார்ஷ் என்ற அம்மையாரும் அவர் மாணவர்களும் விமானத்திலிருந்து எண்ணும் முறையைப் பல்லாண்டாகச் செம்மைப்படுத்தினார்கள் என்றால், அங்கே எண்ணுவதற்கு ஆயிரக்கணக்கில் ஆவுளியாக்கள் இருந்தன. நம் தூத்துக்குடி ஜில்லாவிலேயே, வல்லநாட்டுக் குன்றில், 1987-இல் சரணாலயமாக்கப்பட்ட பதினாறு சதுர கிலோமீட்டரில் வெளிமான் திரிகிறது. குன்றின்மேல் நின்று துருவிப் பார்ப்பவனுக்கு அது தென்படும். கடலுக்கு அப்படிப்பட்ட குன்று இல்லை. இருநூற்றுச் சொச்சத்தில் முப்பது கூடிற்றா குறைந்ததா என்பதைத் தலையெண்ணித் தெரிந்துகொள்ளக் காத்திருந்தால், தெரிகிற நாளில் காரியம் மிஞ்சிப் போயிருக்கும்.

இதையொட்டி ஒரு சிறு கணிதம். எல்லா நிலைமைகளும் அநுகூலமாக அமைந்தாலும் ஆவுளியாக் கூட்டம் வருஷத்துக்கு ஐந்து சதவீதத்துக்குமேல் பெருக முடியாது என்பது அதை ஆராய்ந்தோர் ஒப்புக்கொண்ட முடிவு. 240-இல் ஐந்து சதவீதம் பன்னிரண்டு. ஆக, பழவேற்காட்டிலிருந்து குமரிமுனைவரை எங்கெங்கோ வலையில் சிக்கி மூச்சுமுட்டியும், படகின் உந்துவிசைக் கத்தியில் அடிபட்டும், வருஷத்துக்குப் பன்னிரண்டு ஆவுளியா சாகுமானால், மேய்ச்சல் எத்தனை செழிப்பாயிருந்தாலும் அந்த இனம் ஒரு தலைகூடப் பெருகாது. பதின்மூன்றாவது செத்தால் தேயத் தொடங்கும். அந்த ஐந்து சதவீதமும் உத்தமமான நிலையில்தான். நம் கடலின் நிலை உத்தமம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மாதத்துக்கு ஒன்று என்பது கேட்பதற்கு எவ்வளவு சிறிய எண்!

தமிழக அரசு 2022 செப்டம்பர் 21-ஆம் தேதி பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளையொட்டி, 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியாக் காப்பகமாக அறிவித்தது. பன்னிரண்டாயிரம் ஹெக்டேருக்குமேல் கடற்புல் அதற்குள் அடங்குகிறது. இந்தியாவில் ஆவுளியாவுக்கென்று ஏற்பட்ட முதல் காப்பகம் அது. மனமார வாழ்த்தவேண்டிய செயல். ஆனால் அது வடக்கே பாம்பனைத் தாண்டி இருக்கிறது. தெற்கே, ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடிவரை இருபத்தொரு தீவுகளைச் சுற்றி 1986-இல் அமைந்த கடல் தேசியப் பூங்காவும், 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டருக்கு விரிந்த உயிர்க்கோளக் காப்பகமும் வயதில் மூத்தவை; மூத்ததனாலேயே பத்திரமானவை என்று கருதிவிடுகிறோம். தூத்துக்குடியின் வாசலில் இருக்கும் தீவுகளின் கதை அந்த நம்பிக்கைக்கு இடங்கொடுப்பதில்லை. சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பல்லாண்டு பவளப்பாறையை வெட்டியெடுத்தோம். பாறை போனதும் அலை தடையின்றி வந்தது. விலங்குச்சல்லித் தீவு நீருக்குள் போயிற்று. வான்தீவு ஆண்டுக்காண்டு தேய்ந்து, தூத்துக்குடியிலிருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் செயற்கைப் பாறைகளை இறக்கி அதை நிறுத்திப் பிடிக்க வேண்டியதாயிற்று. பாறை உடைத்தவன் தீவைக் கரைக்க நினைத்தவன் அல்லன், தீவின் ஓரத்துப் புல்லை அழிக்க நினைத்தவனும் அல்லன். கனடாக் காட்டில் கோடரி செய்ததும் இதுவே.

1974 ஜூலையில் பெருந்துறைமுகமான தூத்துக்குடி மேன்மேலும் விரிவடைவதை நான் எதிர்க்கவில்லை. எதிர்ப்பதற்கு உப்பளத்திலும் கப்பல் சரக்கிலும் பிழைக்கிற ஊரில் இடமும் இல்லை. வெளித்துறைமுகம் கட்டுவது நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் ஆழம் தோண்டுகிறபோது எழும் சேறு நீரில் மிதக்கும். மிதந்தால் வெயில் அடித்தளத்துக்கு இறங்காது. வெயில் இறங்காவிட்டால் புல் வெளுத்து மடியும். கடற்புல் பாசி அன்று, பூத்துக் காய்க்கிற செடி, வெயிலால் உயிர்வாழ்வது. இந்தப் பக்கத்துப் புல்வெளி சென்ற வருஷம் எவ்வளவு இருந்தது, அதற்கு முந்தைய வருஷம் எவ்வளவு இருந்தது என்ற கணக்கு அரசாங்கத்தின் கையில் நிரந்தரமாக இருந்தால், தோண்டுகிறவர்களையும் இழுவைமடி போடுகிறவர்களையும் கழிவுநீர் விடுகிறவர்களையும் நோக்கி, இவ்வளவு குறைந்தால் நிறுத்து என்று சொல்ல முடியும். அப்படிச் சொல்ல இன்று ஆதாரம் யாரிடம் இருக்கிறது? ஆராய்ச்சி நிலையங்கள் புல்வெளிப் படங்கள் வரைந்திருக்கின்றன. இந்திய வனவிலங்கு நிறுவனத்தார் 2016 முதல் ஆவுளியா மீட்புத் திட்டத்தை நடத்தி, மேய்ச்சல் தடங்களை அளந்து, மீனவர்களில் தொண்டர்களையும் சேர்த்திருக்கிறார்கள். எல்லாம் திட்டங்கள், திட்டம் என்பது மானியம் வரும்வரை நடப்பது. சலாபப் பார்வை அப்படிப்பட்டது அன்று. அது ஓர் உத்தியோகத்தின் கடமை. அதிகாரி மாறினாலும் மகாராணி மாறினாலும் பாரைப் பார்த்தாகவேண்டும்.

என் கட்சி இதுதான்: முத்துக்குச் செய்த பார்வையைப் புல்லுக்குச் செய்யவேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை, குறித்த இடங்களில், குறித்த முறையில், ஒரு தீவுக்கூட்டமும் தவறாமல் கீழே இறங்கிப் புல்லின் பரப்பையும் அடர்த்தியையும் ஜாதியையும் ஆவுளியா மேய்ந்த தடங்களையும் எண்ணி, கண்டதைக் கண்டபடி, தமிழில், மீனவர் சங்கத்துப் பலகையில் ஒட்டத்தக்க பாஷையில் வெளியிட வேண்டும். ஆவுளியாவின் தலையை எண்ண முடியாத குறையை அதன் மேய்ச்சலை எண்ணித் தீர்க்கலாம் என்பதே காரிபூ ஆராய்ச்சி நமக்குத் தருகிற பாடம்.

யார் இறங்குவது என்பது அடுத்த கேள்வி. திரேஸ்புரத்துச் சங்குக் குளிப்போரைவிட இந்தக் கடலடியை அறிந்தவர்கள் இல்லை. அளவுவளையத்துக்குள் நுழைந்துவிடும் சிறு சங்கைத் திரும்பக் கடலிலேயே போட்டுவிடவேண்டும் என்ற விதியை, ஹார்னெல் காலத்திலிருந்து, சம்மதித்தோ முணுமுணுத்தோ, கைப்பழக்கமாகக் கொண்டவர்களின் வம்சம் அது. அவர்களை ஆராய்ச்சிக்காரருக்குப் படகோட்டியாக அன்றி, கணக்கெழுதும் சகாவாகச் சம்பளம் கொடுத்து அமர்த்தவேண்டும். பிறநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. கனடாவின் வடமேற்கில் சாஹ்து டெனே குடியினர் காட்டுக் காரிபூவையும் மலைக் காரிபூவையும் வெட்டவெளிக் காரிபூவையும் வெவ்வேறாக வகுத்து வைத்திருந்த முறை, மரபணுச் சோதனையோடு ஒத்துப்போனதை 2016-இல் அவர்களோடு சேர்ந்து உழைத்த விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். கனடாவின் க்ளின்சே-ஸா என்ற காரிபூ மந்தை 2013-இல் 38-ஆக இளைத்திருந்தது. இரண்டு ஆதிகுடிகள் பொறுப்பேற்று, சினைமான்களை வேலிக்குள் காவல் காத்து, ஓநாய்க் குறைப்பையும் சேர்த்தே செய்து, 2021-இல் அதை 101-ஆக்கினார்கள். சீனத்தின் தென்கரையில், மறுபுறம், 788 கடலோர வாசிகளைக் கண்டு பேசி, அவர்களில் ஏறக்குறைய ஒருவருமே அண்மைக் காலத்தில் ஆவுளியாவைப் பார்க்கவில்லை என்று தெரிந்தபின், அங்கே அந்த இனம் அற்றுப்போனதற்குச் சமம் என்று 2022-இல் அறிவித்தார்கள். மீனவனைக் கேட்பதும் அளவைதான். ஆனால் அங்கே அவனைக் கேட்கப் போனபோது சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

நம் மீனவனுக்குச் சொல்வதற்கு இன்னும் இருக்கிறது, சொல்லத்தான் பயப்படுகிறான். திருக்கை வலையில் ஆவுளியா சிக்கினால் உயிரோடிருக்கும்போது வலையை அறுத்து விடுகிறவர்கள் இன்று பலர். அவர்களுக்கு வனத்துறை மரியாதையும் வெகுமதியும் அளிப்பது நல்ல வழக்கம். செத்துக் கிடந்தால்? முதல் அட்டவணைப் பிராணியைக் கொன்ற குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை என்று சட்டம் சொல்லும்போது, தானாக மூச்சுமுட்டிச் செத்ததைக் கரைக்குக் கொண்டுவந்து காட்டி விசாரணைக்கு நிற்க யாருக்கு மனம் வரும்? கல்லைக் கட்டி இறக்கிவிட்டு வாய்மூடிப் போவதே புத்திசாலித்தனம் என்று எந்தக் குடும்பஸ்தனும் நினைப்பான். வேண்டுமென்று கொன்றவனுக்குத் தண்டனை இருக்கட்டும். வலையில் தற்செயலாகச் செத்ததை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் வந்து தெரிவிப்பவன்மேல் வழக்கில்லை, அறுந்த வலைக்கு ஈடு உண்டு என்று அரசாங்கம் எழுத்தில் உறுதி தராதவரையில், அந்தப் பன்னிரண்டைத் தாண்டிவிட்டோமா இல்லையா என்று சொல்ல எந்த விஞ்ஞானியாலும் ஆகாது. வடகடலில், காரிபூ உலாவும் நாடுகளுக்கு அப்பால், ஆவுளியாவின் பெரிய தமக்கை என்று சொல்லத்தக்க ஒரு கடல்பசு இருந்தது. 1741-இல் ஸ்டெல்லர் என்ற இயற்கைவாணர் அதைக் கண்டு வர்ணித்தார். 1768-இல் கடைசியாக ஒன்று கொல்லப்பட்டதோடு அது பூமியில் இல்லாமற்போயிற்று. இருபத்தேழு வருஷம். அக்காலத்து வேட்டைக்காரர்களிடம் கணக்குப் புத்தகம் இருந்திருந்தாலும் அதைக் காட்டுவதற்கு அவர்களுக்கு யாரும் வழி செய்து வைத்திருக்கவில்லை.

செலவைப்பற்றிக் கேட்பார்கள். ஒரு வருஷத்துப் பார்வைக்கு வேண்டியது சில வல்லங்கள், குளிப்போரின் கூலி, கயிறு, அளவுச் சட்டம், புகைப்படக் கருவி, கற்ற இளைஞர் சிலர். துறைமுகத்தின் ஒரு நாள் சரக்கு வருமானத்துக்கு முன் அது ஒன்றுமில்லை. துறைமுகமும், அனல்மின் நிலையங்களும், உப்பு, ரசாயன ஆலைகளும் ஆளுக்கொரு பங்கு போடட்டும். ஆனால் கணக்கு அவர்கள் கைக்குப் போகக்கூடாது, மீன்துறையும் வனத்துறையும் குளிப்போர் சங்கமும் சேர்ந்த ஒரு குழுவிடமே இருக்கவேண்டும். மீன்துறையும் வனத்துறையும் ஒன்றாக உட்காருமா என்று சிரிப்பவர்கள் உண்டு. உட்கார வைப்பதற்கென்றுதானே கலெக்டர் ஒருவர் இருக்கிறார்.

காலமும் ஏற்கெனவே வாய்த்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் தடைக்காலத்தில் கட்டிக் கிடக்கின்றன. இழுவைமடி இல்லாததால் நீர் தெளியும். ஆயினும் மே மாதம் போகப் போகக் கச்சான் காற்று எழுந்து கடல் கலங்கிவிடும். ஆகவே சித்திரை முதல் மூன்று வாரத்துக்குள், சலாபக்காரர்களும் அமைதியான கடல் என்று தேர்ந்தெடுத்த அந்தப் பருவத்துக்குள்ளேயே, வல்லங்கள் இறங்கவேண்டும். முதல் வருஷத்துக்குத் தூத்துக்குடிக் கூட்டத்துத் தீவுகளும் வேம்பார்க் கூட்டத்துத் தீவுகளும் போதும். கீழக்கரையும் மண்டபமும் இரண்டாம் வருஷம் சேரட்டும்.